ஈரப்பதம்

மன்னார்குடியில் உரக்கடைக்கு மேல்மாடி.
பொட்டாஷ் வாடை ஏறாத டீக்குவளை எங்களிடம் கிடையாது.
தை மாதம் முழுக்க
முந்நூற்றுப் பன்னிரண்டு நெல் கொள்முதல் நிலையங்கள்
ஒரே டேட்டாபேஸின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தன.

கேட்பதெல்லாம் ஒன்றேதான்.
சன்னரகம் என்ன விலை,
பொதுரகம் என்ன விலை,
எத்தனை சதம் ஈரம் வரை எடுக்கலாம்.
ஒரே பதிலை நாளொன்றுக்கு
நாலு லட்சம் தடவை சொல்லிச் சொல்லி
பதினோரு மணிக்கெல்லாம் படுத்துவிடும் இயந்திரம்.

கேஷ் வைத்தால் சரியாகும் என்றேன்.
கணக்கர் அமிர்தகடேசன் நிமிர்ந்து
"எவ்வளவு?" என்றார்.
பணமில்லை சார்,
ஒரு தடவை சொன்ன பதிலைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வது.
"அதுக்கும் பணம் ஆகும்ல?"
ஆகும்.

பலகையில் இரண்டு படம்.
ஜெசிந்தா வரைந்ததில்
நாலு சர்வரும் அததன் மடியிலேயே கட்டிக்கொள்ளும்,
கை நீட்டவே வேண்டாம், அவ்வளவு வேகம்.
நான் வரைந்ததில்
நாலுக்கும் பொதுவாய் ஒரு களஞ்சியம்.
கொஞ்சம் நடக்கவேண்டும்,
ஆனால் யார் கேட்டாலும் ஒரே அளவு.
கூத்தாநல்லூர் நூருல் அமீன்
இரண்டையும் பார்த்துவிட்டுக் கேட்டான்:
"மாறிச்சுன்னா யாரு போய்ச் சொல்றது?"
ஒருநாள் ஆயுள் வைத்தால் தானே செத்துப் புதுசாகும் என்றோம்.
அவன் மார்க்கரை மூடி வைத்துவிட்டுப் போனான்.

ஜெசிந்தாவின் படம் ஜெயித்தது.
வேண்டாமென்று நானும் சொல்லவில்லை.
ஐந்து வினாடி நாற்பது மில்லிசெகண்டாக இறங்கிய அன்று
பிரியாணி வாங்கித் தின்றோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு
உத்தரவு வந்தது:
பதினேழு சதம் பத்தொன்பதாகத் தளர்கிறது.
டேட்டாபேஸில் அந்த நொடியே மாற்றினேன்.
ஒரு சர்வர் தற்செயலாய் அணைந்து எழுந்ததால்
அதற்கு மட்டும் தெரிந்தது.
மற்ற மூன்றும் நேற்றையே
நல்ல வேகத்தில் சொல்லிக்கொண்டிருந்தன.

அணை திறந்த தேதியைப் பேப்பரில் போடுகிறார்கள்.
கடைமடைக்கு வந்த தேதியை
யாரும் போடுவதில்லை.

பெருகவாழ்ந்தான் பக்கம் ஒரு நிலையம்.
டோக்கன் நாற்பத்தேழு, தையல்நாயகி,
அறுபத்திரண்டு சிப்பம்.
கருவி பதினெட்டு புள்ளி நாலு காட்டியது.
திரை பதினேழு காட்டியது.
பட்டியல் எழுத்தர் ஒருதரம் புதுப்பித்தார், பத்தொன்பது.
நம்பாமல் மறுபடி தட்டினார், பதினேழு.
அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர்
எந்த எண்ணை நம்புவார்?
ஓரமாப் போடும்மா, காயட்டும் என்றிருக்கிறார்.

ராத்திரி மழை.
தைமாத மழையை யாரிடம் போய்ச் சொல்வது.

புதன் காலை ஆயுள் முடிந்து
நாலு சர்வரும் ஒற்றுமையாய்ப் பத்தொன்பது சொல்லின.
நெல் இருபத்திரண்டு சொன்னது.

இதெல்லாம் லாக்கில் இல்லை.
லாக்கில் இருந்தது:
ஒரே டோக்கன், ஒன்பது வினாடிக்குள் மூன்று கேள்வி,
இரண்டு விடை.
நான்தான் எழுத்தருக்குப் போன் போட்டேன்.
"ரோட்டுல கொட்டிக் காயவச்சிருக்கு சார், அந்தம்மா.
பஸ் வந்தா ஒதுக்குது.
உங்களுக்கு என்ன வேணும்?"

பிரித்து வைத்தோம் பிறகு.
ஊர்ப் பெயர், வங்கிக் கிளை
ஒருநாள் பழசானாலும் ஊறுகாய் போல நிற்கும்.
அவை மடியிலேயே கிடக்கட்டும்.
விலை பொதுக் களஞ்சியத்தில்.
மாற்றுகிறவனே அங்கே பழசைக் கொட்டிக் கவிழ்த்துவிட்டுத்தான்
வெளியே வரவேண்டும்; அதை எழுதியது நூருல் அமீன்.
ஈரம் எங்கேயும் இல்லை.
ஒவ்வொரு தடவையும் அடிவரை இறங்கிக் கேட்டு வரும்,
தொண்ணூறு மில்லிசெகண்ட்.
குறைக்கலாமே என்று ஜெசிந்தா இரண்டு தடவை சொன்னாள்.
மூன்றாம் தடவை
அவளே அந்த வரிக்கு மேல் ஒரு குறிப்பு எழுதி வைத்தாள்:
தொடாதே.

ஐந்தாம் நாள் எடுத்தார்கள்.
வந்தது அறுபத்திரண்டு சிப்பம்,
எடுத்தது ஐம்பத்தெட்டு.
நாலுக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல
அட்டவணையில் பத்தி இல்லை.
அந்த ஒரு வரியை
எப்போதாவது தேடிப் பார்க்கிறேன்.
மெதுவாகத்தான் வருகிறது.