கெரிவெல் எதிர் கெரிவெல்

வழக்குக் கட்டின் அட்டையில்
எங்கள் குடும்பப் பெயர் இரண்டு முறை இருக்கிறது.
இடப்பக்கம் நான்.
வலப்பக்கம், நான் பெற்ற ரொனான்.
நடுவில் ‘எதிர்’ என்றொரு சொல்,
கோங்கார்னோ துறைமுகத்தில் படகுகள் உரசாமலிருக்க
இடையில் தொங்கவிடும் பழைய டயர் மாதிரி.

கெம்பேர் நீதிமன்றத் தாழ்வாரத்தில்
குடையிலிருந்து சொட்டிய நீரைப் பார்த்தபடி
வக்கீலம்மா சொன்னார்:
என் உரிமை, என் உரிமை என்று உள்ளே பேசாதீர்கள்.
சட்டப்படி அது உங்களுடையது இல்லை,
பேத்தியுடையது.

அவளுக்கு வயது ஏழு.
ஷூ லேஸ்கூடக் கட்டத் தெரியாது.
தெரிந்திருக்கலாம்.
இரண்டு வருடத்தில் யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

மகனின் வாக்குமூலம் மூன்று பக்கம்.
கேட்காமல் படகை விற்றது.
அவன் அம்மாவின் அடக்கத்தன்று நான் சொன்ன ஒரு வார்த்தை.
குடித்துவிட்டு, குழந்தை பின்சீட்டில் தூங்க,
வண்டி ஓட்டியது.
நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.
ஒரே ஒரு முறை, என்றேன்.
சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது
அந்த ‘ஒரே’.
ரொனான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
எட்டு வயதில் ஜன்னலை உடைத்துவிட்டு நின்றானே,
அதே நிற்பு.
அன்று உடைத்தது அவன்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை,
இரண்டு மணி முதல் நான்கு வரை,
சந்திப்பு மையத்தில், ஊழியர் முன்னிலையில்.
ஆறு மாதம்.
பிறகு பார்க்கலாம்.

பச்சை நாற்காலிகள்.
சுவரில், தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடுவதென்ற படம்.
ஒரு கூடை நிறைய, யாருக்கும் சொந்தமில்லாத பொம்மைகள்.
மைவென் வந்தாள். முன்பல் இரண்டு காணோம்.
காலில் லேஸே இல்லாத ஷூ,
ஒட்டினால் ஒட்டிக்கொள்ளும் பட்டை.
‘வணக்கம், மிஸ்யே’ என்றாள்
தபால்காரரிடம் சொல்வதுபோல.
ஊழியப் பெண் எதையோ எழுதிக்கொண்டாள்.

சீட்டாடினோம்.
ஒரு ராணியை மடிக்கடியில் ஒளித்தாள்.
நான் பார்த்தேன்.
நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.
எழுதும் பெண் மட்டும் பார்க்கவில்லை.

நாலடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் கேட்டாள்:
‘அடுத்த தடவை நான் வரவில்லையென்றால்
உன்னை ஜெயிலில் போடுவார்களா?’
இல்லை, என்றேன்.
என்னை யாரும் எதுவும் செய்யமாட்டார்கள்.

கொஞ்சம் யோசித்தாள்.
வெளியே ரொனானின் கார்,
மழை விட்ட பிறகும் வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது.
சீட்டுக்கட்டை எடுத்துத்
தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தாள்.

கட்டு என்னுடையது.
கேட்கவில்லை நான்.