ஒரு பிக்சல் இடப்பக்கம்

டார்ட்டுவில் பிப்ரவரி.
எமாயோகி ஆறு உறைந்து கிடக்கிறது.
ஒருவன் நாயோடு அதன்மேல் நடந்துபோகிறான்.
மாரிக்கா ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்துவைத்து
அழிக்க உட்கார்கிறாள்.

திரையில் சாளரங்களை அடுக்கித் தருகிற சர்வர்.
யார் முன்னே, யார் பின்னே,
எதன் மூலை எதன்மேல் ஏறும்,
சுட்டியைச் சொடுக்கினால் சேதி யாருக்குப் போகும்.
இவ்வளவுதான் வேலை.
இவ்வளவுக்கு ஆறு லட்சம் வரி.

முதல் வாரம் சுலபமாக இருந்தது.
கறுப்பு வெள்ளைத் திரைக்கான கோப்பு, போயிற்று.
பதினாறே நிறம் அறிந்த அட்டைக்கான கோப்பு,
அதுவும் போயிற்று.
பைட்டுகளைத் தலைகீழாக அடுக்கிய ஒரு கம்பெனி,
கதவைச் சாத்தியே இருபது வருஷம்.
அதன் எந்திரம் என்றாவது வந்து தட்டுமென்று
ஒவ்வொரு சேதியையும் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன
இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள்.
வராத விருந்தாளிக்கு
வேளை தவறாமல் இலை போட்டபடி.

ஒரே விசையில் இரண்டு தட்டு.
இலையை எடுத்துவிட்டாள்.

பிறகு இது வந்தது:
கிடை அளவிலிருந்து ஒன்றைக் கழிக்கிற ஒற்றை வரி.
அதன் தலைமேல் ஒரு குறிப்பு.
"தொடாதே. காரணத்தைத் திங்கட்கிழமை எழுதுகிறேன். ஹெ."

ஆயிரத்து ஐந்நூறு திங்கட்கிழமைகள் போய்விட்டன.
ஹெ. என்றால் ஹெல்டுர் ராண்ட்மெட்ஸ்.
இப்போது பார்னுவில் படகு எஞ்சின் பழுதுபார்க்கிறாராம்.
மாரிக்கா எழுதிக் கேட்டாள்.
நான்கு நாள் கழித்து பதில் வந்தது, ஒரே வரி:
"எந்தத் திங்கட்கிழமை?"

எடுத்தாள்.
சோதனைகள் எல்லாம் பச்சை.
கோட்டைக்கூட மாட்டிவிட்டாள், விளக்கை அணைக்கப் போனாள்,
அப்போதுதான் கண்ணில் பட்டது.
திரையின் இடது ஓரத்தில், மேலிருந்து கீழ்வரை,
தலைமுடி அகலத்துக்குப் பின்னணியின் நீலம்.

எல்லாச் சாளரங்களும்
ஒரு பிக்சல் வலப்பக்கம் நகர்ந்து நின்றன.

மூன்று நாள் தேடினாள். யாகுப் காபி கொண்டுவந்தான்,
தோளுக்குப் பின்னால் நின்றான்,
ஒன்றும் சொல்லாமல் போனான்.
நான்காம் நாள், வேறொரு கோப்பில்,
வேறு வருஷத்தில், வேறு கையில்
ஒன்றைக் கூட்டும் வரி.
யாரோ தவறாகக் கூட்டியிருக்கிறார்;
அதை அறியாத இன்னொருவர்
தவறாகவே கழித்திருக்கிறார்.
தள்ளாடும் இருவர்
தோளோடு தோள் சாய்ந்து
நேராக நடந்துவந்திருக்கிறார்கள், இத்தனை வருஷம்.

இருவரையும் சேர்த்தே அனுப்பினாள்.

இரண்டு வாரம் அமைதி.
மூன்றாம் வாரம் பால்டிஸ்கி துறைமுகத்திலிருந்து,
லாரி எடைமேடைக்காரி வீவே எழுதினாள்:
"எங்கள் திரையின் வலது ஓரத்தில் ஒரு கோடு இருந்தது.
காணவில்லை. திருப்பிக் கொடுங்கள்."

அங்கே இருந்தது பழைய அட்டை.
கூட்டும் வழியில் அது போனதே இல்லை;
கழித்தது மட்டும் தினமும் நடந்தது.
"கோடு தெரிந்தால் மெஷின் விழித்திருக்கிறது,
தெரியாவிட்டால் லாரியை ஏற்றக்கூடாது.
புதிதாக வருகிறவர்களுக்கு
நாங்கள் முதலில் சொல்வதே இதுதான்."

மாரிக்கா சிரித்தாள். பிறகு சிரிப்பு வரவில்லை.
நாற்பது டன் மரத்தோடு ஒரு லாரி
பனியில் எஞ்சினை அணைக்காமல் நிற்கிறது,
ஒரு பிழை வருவதற்காக.

பழையதைத் திருப்பி வைக்கவில்லை.
வீவேயின் நிரலுக்குள் ஆறு வரி எழுதி அனுப்பினாள்:
எடைமேடை உயிரோடு இருந்தால்
வலது ஓரத்தில் ஒரு கோடு.
பச்சை நிறம் போடட்டுமா என்று கேட்டாள்.
"வேண்டாம். அதே நீலம்."

அந்த ஆறு வரியின் தலைமேல்
ஏன் என்பதை முழுதாக எழுதினாள்,
லாரி, மரம், வீவேயின் பெயர் உட்பட.
அன்றைக்குச் செவ்வாய்.

வெளியே ஆற்றில் எங்கோ பனி விரிசல் விட்டது,
ஓரமாக நடக்கிறான் நாய்க்காரன்.
கழித்தது நாற்பத்தோராயிரம் வரி, கூட்டியது ஆறு.
அடுத்த கோப்பைத் திறக்கிறாள்.
முதல் வரியில் ஒரு சொல்:
"தற்காலிகம்."