நிகர எடை

பகாவ் செம்பனை ஆலையில் எனக்குத் தராசு வேலை.
லோரி உள்ளே வரும்போது ஒரு எடை,
கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஒரு எடை.
கழித்தால் நிற்பது காய்.
பதினேழு வருடமாய்க் கழிக்கிறேன்.
இதை மட்டும் கழிக்க வரவில்லை.

மார்ச் பதினொன்று, பள்ளியில் ஊசி.
முதலாம் படிவத்துப் பெண்பிள்ளைகள் எல்லோருக்கும்.
கை வலிக்கிறதென்று சொல்லி
அன்று பாத்திரம் கழுவாமல் தப்பித்தாள் லோஷினி.
மார்ச் இருபத்து நான்கு, வீடு முழுக்கக் காய்ச்சல்.
எனக்கு இரண்டு நாள், சின்னவளுக்கு ஒன்று,
லோஷினிக்கு ஐந்து.
மார்ச் முப்பது, சபைகூடலில் நின்றவள்
ஈரத்துணி போல மடிந்து விழுந்தாள்.
அன்றிலிருந்து குளியலறை அவளுக்குத் தொலைதூரம்.

எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன்,
மளிகைக் கடன் எழுதுகிற
மூன்று ஐந்து போட்ட சின்னப் புத்தகத்தில்.
அரிசி, பருப்புக்குக் கீழே
நாடித்துடிப்பு.

ஜெம்போல் ஆஸ்பத்திரி, பிறகு சிரம்பான்,
பிறகு கோலாலம்பூர், மூன்று பஸ் மாறி.
இரத்தம், இதயம், தலைக்குள்ளே படம்.
எல்லாம் நார்மல்.
ஒரு நல்ல சொல்லை
இப்படி வெறுப்பேன் என்று நினைத்ததில்லை.

பூசாரி கண்ணேறு என்றார்.
என் அண்ணி, பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறாள் என்றாள்.
கைத்தொலைபேசிக் கடை ஞானப்பிரகாசம்
வீட்டுக்கே வந்து விளக்கைச் சரிசெய்தார்.
‘ஊசியால்தான் என்று ஒரு வரி பேசுங்க அண்ணே,
படம் பிடிக்கிறேன்,
நாலு பிள்ளையாவது தப்பிக்கும்.’
வாயைத் திறந்தேன்.
கோபம் நாக்கு வரை வந்திருந்தது.
யார் மேலாவது அதை இறக்கியாக வேண்டும்.
ஆனால் புத்தகத்தில் இருப்பது
‘ஊசிக்குப் பிறகு.’
‘காய்ச்சலுக்குப் பிறகு’ என்றும் இருக்கிறது.
‘ஆல்’ எங்கேயும் இல்லை.
ஆறாம் வகுப்போடு முடிந்த என் தமிழ்
அந்த ஓர் உருபில் காலை ஊன்றிக்கொண்டது.
அவர் விளக்கை அணைத்துவிட்டுப் போனார்.
தேநீரைக் குடிக்கவில்லை.

சிரம்பானில் டாக்டர் நூர் ஹிதாயா
நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டார்.
ஊசியா என்றேன்.
அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு என்றார்,
காய்ச்சல் மேல்தான் என் சந்தேகம் என்றார்,
ஆனாலும் நீங்கள் சொன்னதைப் பதிவுசெய்து
மேலே அனுப்புகிறேன் என்றார்.
கடைசியில் கண்ணாடியைக் கழற்றி,
‘உறுதியாய்ச் சொல்ல முடியாது. தாக் தாவு, பாக்.’
ஒன்பது டாக்டர்களில்
தெரியாது என்றவர் இவர் ஒருவர்தான்.
அன்று இரவு நான் தூங்கினேன்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, ஆலை ஓய்ந்திருந்தபோது
மோட்டாரில் அழைத்துப் போனேன்.
லோரித் தராசின் நடுவில் போய் நின்றாள்.
திரையில் நாற்பது.
‘வீட்டுல நாப்பத்து மூணுப்பா.’
‘இது இருபது இருபதாத்தான் எண்ணும்.’
‘அப்ப மூணு கிலோ நான் இல்லையா?’
‘இருக்கேம்மா. இதுக்குத் தெரியலை.’
கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள்.
‘ஆஸ்பத்திரி மாதிரி.’

மறுவருடம் சின்னவளுக்கு அதே பாரம் வந்தது.
இரண்டு இரவு குளிர்பெட்டி மேல் கிடந்தது,
மின்சாரப் பில்லுக்கு அடியில்.
டாக்டருக்குப் போன் செய்தேன்.
அவசரப்படாமல், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்.
பத்மலதா ஒன்றும் கேட்கவில்லை,
வெங்காயம் இல்லாமலே அழுதாள்.
லோஷினிதான் படுக்கையிலிருந்து எழுந்து வந்து
பேனாவை நீட்டினாள்.
‘என் நோய் என்ன சொத்தா,
தங்கச்சிக்கு எழுதி வைக்க?’

கையெழுத்துப் போட்டேன்.
கை நடுங்கியது.
நடுங்கியதையும் தேதியோடு எழுதி வைத்தேன்.

சின்னவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.
அதனால் எனக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று
சொல்ல மாட்டேன்.
ஒரு லோரியை வைத்து
இன்னொரு லோரியைக் கழிக்க முடியாது.

இன்று லோஷினி நூற்றுப் பத்து அடி நடந்தாள்,
சீனன் கடை முனை வரை.
திரும்பும்போது என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.
எழுதிவிட்டேன்.
நாளை காலை ஏழுக்கு முதல் லோரி.