மாறுகண்

பதினாறு என்கிறான் வீப்ரன்.
பதினேழு என்கிறேன் நான்.
எங்களுக்கு நடுவே
பாதிப் பூசணி விதையளவில் ஒரு காதுக்கல்.
உடைத்து, தீயில் பழுப்பேற்றி,
எண்ணெய் ஒரு சொட்டு விட்டு
நுண்ணோக்கிக்கு அடியில் வைத்திருக்கிறோம்.
டென் ஹெல்டரில் மணி நாலரை. டிசம்பர்.
துறைமுகம் இருட்டிவிட்டது.

கல்லின் சொந்தக்காரி தட்டில் கிடக்கிறாள்,
கண்ணிருக்கும் பக்கம் மேலே.
செம்மஞ்சள் பொட்டுகள் இன்னும் வெளுக்கவில்லை.
ஸ்கோல் என்போம் இங்கே.
தட்டைமீன்களில் வெகு சாதாரணம்.

பிறந்தபோது இவள் படுத்திருக்கவில்லை.
தெற்கே, இரு நாட்டுக் கரைகள் நெருங்கும் இடத்தில்
ஜனவரி நீரில் மிதந்த கண்ணாடி மணி,
உள்ளே இரண்டு கரும்புள்ளி.
பொரிந்ததும் எல்லா மீனையும் போல்
நிமிர்ந்துதான் நீந்தினாள்.
வலத்துக்கு ஒரு கண், இடத்துக்கு ஒரு கண்,
நீரோட்டம் இழுத்த பக்கமே ஊர்.

பிறகு
இடது கண்ணுக்கு இருப்புக் கொள்ளவில்லை.
நெற்றிமேட்டில் ஏறியது.
கபாலம் முறுக்கிக்கொண்டு வழிவிட்டது.
நரம்பையும் கூடவே இழுத்துக்கொண்டு
வலது கண்ணுக்குப் பக்கத்து வீட்டில் குடியேறியது.
வாய் மட்டும் முழுதாக வர மறுத்துவிட்டது.
அதனால்தான் இந்த இனத்துக்கே ஒரு கோணல் சுளிப்பு.
அன்றிலிருந்து இடப்பக்கம் தரைக்கு.
அதை வெள்ளையாகவே விட்டுவிட்டது உடம்பு,
யார் பார்க்கப்போகிறார்கள் என்று.

எனக்கு அதை ஏழு வயதில்
குரோனிங்கன் ஆஸ்பத்திரியில் செய்தார்கள்.
மூக்கையே பார்த்து வளர்ந்த மாறுகண்ணைத்
தசை வெட்டித் தள்ளிவைத்தார்கள்.
அதற்குப் பிறகும் பள்ளியில் என் பெயர் ஸ்கோல்தான்.
களைத்துப்போனால் இன்றும் அது
பழைய வீட்டுக்குத் திரும்பப் பார்க்கும்.
நாலரை மணிக்கு, உதாரணமாக.

"உன் கண் போகிறது, யிட்ஸ்கே" என்கிறான் வீப்ரன்.
"முதல் வளையத்தை இரண்டாக எண்ணுகிறாய்."

இருக்கலாம்.
ஆனால் இரண்டாயிரத்துப் பதின்மூன்றிலிருந்து
பதினேழைக் கழித்தால் தொண்ணூற்றாறு.
வாடன் கடல் உறைந்த குளிர்.
மே மாதம், வற்றுநீர்க் குட்டைகளில்
கட்டைவிரல் நகமளவு வந்திறங்கிய குஞ்சுகளைத்
தின்றிருக்கவேண்டிய இறால்கள்
ஆழத்திலிருந்து திரும்பத் தாமதித்தன.
அந்த இடைவெளியில் வளர்ந்தார்கள் இவர்கள்.
நாலைந்து வருஷத்தில் வலைகள் கனத்தன,
படகுக்காரர்கள் காரணம் கேட்கவில்லை.

அதே குளிரில் நானும் ஒருவனை விட்டு வந்தேன்.
பெயர் வேண்டாம்.
ஹார்லிங்கனில் ஓர் அறை, உறைந்த குழாய், ஒற்றைப் போர்வை.
ஆக, நான் நடுநிலை இல்லை.

மற்ற வளையங்களில் தகராறு இல்லை.
ஐந்தாவதிலிருந்து அவை நெருங்குகின்றன:
ஆழத்துக்குப் போய் முட்டை சுமக்கத் தொடங்கிவிட்டாள்.
குளிர் வந்தால் இரை தொடுவதில்லை.
தெற்கே போகும் நீர் வந்தால்
எழுந்து ஏறிக்கொள்வாள்;
நீர் திரும்பினால் மணலைப் போர்த்திப் படுத்துவிடுவாள்.
பஸ் மாறிப் போவது மாதிரி.
லட்சக்கணக்கில் கொட்டிவிட்டு
எலும்பும் தோலுமாய் வடக்கே திரும்புவாள்.
ஒவ்வொரு பட்டினிக்கும் ஒரு கருங்கோடு.

"இன்னொரு கல் இருக்கிறதே" என்கிறேன்.
இந்த மீனுக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்காது.
கண் விட்டுப்போன பக்கத்துக் கல்லை
யாரும் சீந்துவதில்லை.
கவரைத் தட்டி, இடுக்கியால் எடுக்கிறேன்.
மையத்தில், முதல் வளையம் இருக்கவேண்டிய இடத்தில்
பொடிந்துவிடுகிறது.

வீப்ரன் சிரிக்கவில்லை. கோட்டை மாட்டிக்கொள்கிறான்.
படிவத்தில் பதினாறு எழுதி, அடித்து,
பதினேழு எழுதி
ஒரு கேள்விக்குறி போடுகிறேன்.

விளக்கை அணைக்கும்முன்
தட்டிலிருப்பவளைப் புரட்டிப் பார்க்கிறேன்.
பதினாறோ பதினேழோ வருஷம்
கடலடியைத் தொட்டுக்கொண்டிருந்த வெள்ளைப் பக்கம்.
ஒரு கோடுகூட இல்லை.