வரப்பு

எங்கள் படிவத்தில் மூன்று கோடுகள் உண்டு.
முதல் விருப்பம், இரண்டாவது, மூன்றாவது.
பெரும்பாலும் முதல் கோட்டில் கடல் இருக்கும்,
அல்லது ஒரு நாய்க்குட்டி,
அல்லது தொலைக்காட்சியில் வரும் யாரோ.
வெய்க்கா மூன்று கோடுகளிலும்
ஒன்றையே எழுதியிருந்தான்.
மூன்றாவதில் பென்சில் அழுந்தித்
தாள் கிழிந்திருந்தது:
பனிவாரி வண்டி ஓட்டணும்.

அது ஜூலை.
கயானியில் இரவு பத்தரைக்கும் வெயில்.
ஆற்றங்கரையில் சட்டையில்லாத முதுகுகள்
சிவந்துகொண்டிருந்தன.
நவம்பரில் வைத்துக்கொள்ளலாமா என்று
மருத்துவரைக் கேட்டேன்.
அவர் பேனாவை மூடினார், திறந்தார்,
மறுபடி மூடினார்.
ஆகஸ்ட் என்றார். ஆகஸ்டின் தொடக்கம்.

ஏன் என்று கேட்பது என் வேலையில்லை.
கேட்டேன்.
"அது தெருவைச் சுத்தம் பண்ணும்.
பண்ணிட்டு எங்க வாசல்ல
ஒரு வரப்பு கட்டிட்டுப் போயிடும்.
அம்மா வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி
அதை வெட்டி எறியணும். நாலு மணிக்கு.
ஓட்டறவருக்கு அது தெரியாது.
அவ்வளவு உயரத்துல உட்கார்ந்தா தெரியாது."

ஆக, அவன் கேட்டது வண்டியை அல்ல,
அதிலிருக்கும் ஒரு நெம்புகோலை.

ஐஸ் ஹாக்கி அரங்கத்தின் பின்புறம்
தரையை வழிக்கும் இயந்திரம் கக்கிய குவியல்
கோடையிலும் கிடக்கும்.
அழுக்கு வெள்ளை, நடுநடுவே நீலச் சாயம்.
எங்களூரில் இரண்டு லாரி தேறியது.
ஓவுலுவிலிருந்து ஐந்து.
ஈசால்மியின் மீன் கிடங்கு அனுப்பியது நாலு,
வாடையோடு.

தைஸ்தோ முப்பத்தோரு வருடமாய் அந்த வண்டியில்.
விளையாட்டுக்கெல்லாம் தரமாட்டேன் என்றார்.
பையன் ஓட்டினால் தெரு சுத்தமாகியாக வேண்டும்.

விடிகாலை ஐந்தரை.
அக்கம்பக்கத்தார் குளிர்கோட்டு போட்டு
வாசலுக்கு வந்து நின்றார்கள்.
யாரும் சொல்லவில்லை போடச்சொல்லி.
வியர்வை கழுத்தில் வழிய
ஒருவர் கையுறைகூட மாட்டியிருந்தார்.

தைஸ்தோவின் மடியில் வெய்க்கா.
சட்டைக்குள் மருந்துக் குழாய்,
காதை மூடிய தொப்பி.
பதினான்காம் எண் வந்ததும் அலகைத் தூக்கினான்.
ரீக்கா வாசலில் ஒரு பிடி பனி விழவில்லை.
நாங்கள் கைதட்டினோம்.
அத்தோடு முடிந்ததென்றுதான் நினைத்தோம்.

பதினாறிலும் தூக்கினான்.
பதினெட்டு, இருபது,
யாருமில்லாத இருபத்திரண்டு,
நாய்க்கூண்டு மட்டும் இருந்த இருபத்துநாலு.
தெருவெல்லாம் தூக்கியும் இறக்கியும்
வண்டி விக்கிக்கொண்டே போயிற்று.
பின்னால் திட்டுத்திட்டாய்ப் பனி
அப்படியே கிடந்தது.
சுத்தமாகவே இல்லை என்றார் தைஸ்தோ இறங்கும்போது.
ஆனால் நெம்புகோலில் ஒருமுறையும்
அவர் கை வைக்கவில்லை.

எட்டு மணிக்குள் எல்லாம் உருகிச்
சாக்கடைக்குள் ஓடியது.
புகைப்படக்காரர் தாமதமாய் வந்தார்.
கோப்பில் இருப்பது
ஒரு ஈரத் தெருவின் படம்.
அதன் கீழ் 'நிறைவேறியது' என்ற கட்டத்தில்
என் கையால் போட்ட குறி.
செப்டம்பரில் மூடிய கோப்பு.

பனிக்காலத்தில், யாரும் கேட்காமலே,
பதினான்காம் எண்ணில்
தைஸ்தோ அலகைத் தூக்கிக்கொண்டு போனார்.
டிசம்பர் முழுக்க.
ஜனவரியில் ஒருநாள்
நடுத்தெருவில் ரீக்கா நின்றிருந்தாள்,
இரவுடைமேல் கோட்டு, கையில் மண்வாரி.
மைனஸ் இருபத்தாறு.
அவர் கண்ணாடியை இறக்கினார்.

"நாலு மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது" என்றாள்.
"எழுந்து வந்தால் இங்கே ஒன்றுமில்லை.
கொஞ்சம் போட்டுவிட்டுப் போங்கள்."

இதை தைஸ்தோ என்னிடம் சொன்னது
நகராட்சிப் படிக்கட்டில்,
டீசல் ரசீதில் கையெழுத்து வாங்க வந்தபோது.
எந்தக் கட்டத்தில் இதை எழுதுவது
என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது அந்த வாசலில்
அவர் அலகை முழுக்கத் தூக்குவதில்லை,
முழுக்க இறக்குவதுமில்லை.
கணுக்கால் உயரம் விடுகிறாராம்.
பத்து நிமிட வேலை என்றார்.
ஈரப்பனி என்றால்
பன்னிரண்டு.