இறக்கம்

ஏறுவது எனக்குப் பயமில்லை.
ஏறும்போது மூச்சுதான் போகும்,
போன மூச்சு திரும்பி வரும்.
தொடை கல்லாகும். கோரிமேட்டில் குடித்த டீ
தொண்டை வரைக்கும் வந்து எட்டிப் பார்க்கும்.
பாதி வயதுப் பிள்ளைகள்
‘சூப்பர்க்கா’ என்றபடி தாண்டிப் போவார்கள்.
அதையும் தாங்கலாம்.

மூன்று ஞாயிறு ஏற்காடு ஏறினேன்.
மூன்று ஞாயிறும்
பெரியண்ணனின் சவ்சவ் வண்டியில் இறங்கினேன்.
மூட்டைகளின் மேல் சைக்கிள்,
அவர் பக்கத்தில் நான்,
மடியில் ஹெல்மெட்,
கோயிலில் வாங்கிய தேங்காய்மூடி மாதிரி.
அவர் ஒன்றும் கேட்கவில்லை.
கேட்காததுதான் உறுத்தியது.

வயது நாற்பத்து நான்கு.
ஜவ்வரிசி ஆலையில் ஈரப்பதம் பார்க்கிற வேலை.
அளவு தாண்டினால் லாரியோடு திருப்பி அனுப்புவேன்,
கையெழுத்து நடுங்காது.
சின்ன வயதில் விழுந்தீர்களா என்று கேட்கிறார்கள்.
இல்லை. விழுந்ததே இல்லை.
விழுந்தால் எப்படி இருக்கும் என்று தெரியாமலே
இவ்வளவு தூரம் ஓட்டி வந்துவிட்டேன்,
அதுதான் சிக்கல்.

ரிஸ்வானா சொன்னாள்
(குழுவிலேயே சின்னவள், பல் மருத்துவம் படிக்கிறாள்):
‘பள்ளத்தைப் பாத்தா பள்ளத்துக்குத்தான்க்கா போவீங்க.
வளைவு முடியிற எடத்தப் பாருங்க.
பிரேக்க அமுக்கிட்டே இருக்காதீங்க,
விட்டு விட்டுப் புடிங்க.’
சொல்லிவிட்டுப் போயே விட்டாள்.
முதுகில் சட்டை புடைத்தது,
அடுத்த திருப்பத்தில் ஆள் இல்லை.

இருபதாவது கொண்டை ஊசி வளைவு.
சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே பனி
நகரவும் மாட்டேன் என்று நின்றது, என்னைப் போல.
விடவில்லை. அமுக்கிப் பிடித்தே இறங்கினேன்.
ரப்பர் தீய்கிற வாசம்.
யாரோ கத்திக்கொண்டே வருவது கேட்டது.
நான்தான்.

பதினேழில் ஒரு குரங்கு
சுவரில் உட்கார்ந்து
பிஸ்கட் உறையைப் பிரித்துக்கொண்டிருந்தது.
தலையைத் தூக்கவே இல்லை.
ஆறுதலாக இருந்தது.

பதினான்கில் பேருந்து மேலே வந்தது.
ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும்.
விட்டு, இறங்கி, ஒதுங்கி நின்றேன்.
திரும்பும்போது அதன் வால்
என் முழங்கையை முகர்ந்துவிட்டுப் போனது.
அதன்பின் கால் தூக்கிப் போட வரவில்லை.
பதினான்கையும் பதின்மூன்றையும்
தள்ளிக்கொண்டு நடந்தேன்,
பஞ்சர் ஆனவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

பின்னால் ஹாரன்.
பெரியண்ணன் கண்ணாடியை இறக்கி
முதல் தடவையாகக் கேட்டார்:
‘ஏத்திக்கவா?’

வாய்க்குள் ‘ம்’ இருந்தது.
முழுதாக, உருண்டையாக இருந்தது.
‘நீங்க போங்கண்ணா’ என்றது
வேறு யாரோ.

சவ்சவ் மூட்டைகள்
வளைவில் ஒவ்வொன்றாக மறைந்தன.
காய்கறி மேல் அவ்வளவு பொறாமை
அதற்கு முன் வந்ததில்லை.

பன்னிரண்டு.
விட்டேன். பிடித்தேன். விட்டேன்.
விடுகிற அந்த நொடியில்தான்
அத்தனை பயமும் குடியிருக்கிறது.
அது ஒரு நொடிதான் என்று
ஒன்பதாவது வளைவில் தெரிந்தது.
எட்டில் மறந்துபோனது.
ஏழில் மறுபடி தெரிந்தது.

ஆறுக்கும் ஐந்துக்கும் நடுவே
சேலம் மொத்தமும் கீழே விரிந்து கிடக்குமாம்,
தகரக் கூரைகள் வெயிலில் மினுங்குமாம்.
நான் பார்க்கவில்லை.
வளைவு முடிகிற இடத்தைப் பார்த்தேன்.
ஊர் எங்கே போய்விடப் போகிறது.

அடிவாரத்தில் இறங்கி
சக்கர விளிம்பைத் தொட்டேன். தோசைக்கல்.
டீக்கடையில் பெரியண்ணன் நின்றிருந்தார்.
காத்திருந்தாரா என்று நானும் கேட்கவில்லை.
கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தும்
பாதி தரைக்குப் போனது.
மீதி இனித்தது.

இருபதில் பதினெட்டு.
யார் கேட்டாலும் பதினெட்டு என்றுதான் சொல்வேன்.

திங்கட்கிழமை
தராசு முன்னால் உட்கார்ந்தபோது
விரல்கள் இன்னும் பாதி மடங்கியே இருந்தன,
இல்லாத பிரேக்கைப் பிடித்தபடி.
ஐந்து கிராம் ஜவ்வரிசி எடுக்க வேண்டும்.
தட்டில் கூடுதலாகச் சில மணிகள் விழுந்து
உருண்டு
விளிம்பைத் தாண்டிப் போயின.

உடனே பொறுக்கவில்லை.
போகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.