வேர் மறந்த வரி

ஐம்பத்தோராம் தெருவில், பல்டாக்டர் கிளினிக்குக்கு மேல்
எங்கள் ரத்தக் கொடையாளர் சங்கம்.
நாலு மணி நேரம் கரண்ட், நாலு மணி நேரம் இருட்டு.
ரங்கூனில் நான் டேட்டாபேஸ் படித்தது
இந்த முறைவைப்பில்தான்.

கட்டியவன் சிங்கப்பூர் போய்விட்டான்.
விட்டுப்போனது ஒரு பாஸ்வேர்ட்,
திரையோரம் ஒட்டிய மஞ்சள் காகிதம்: தொடாதே.
தொட்டேன்.
முதல் வாரம் எதைக் கேட்டாலும்
காற்புள்ளி அருகே பிழை என்றது.
காற்புள்ளி அருகே நான்தான் இருந்தேன்.

குடும்பப்பெயருக்கென்று ஒரு பத்தி வைத்திருந்தான்.
பர்மியருக்கு ஏது குடும்பப்பெயர்?
மேலிருந்து கீழ்வரை நல், நல், நல்.
குறிப்பேட்டில் தமிழில் எழுதிக்கொள்கிறவள் நான்;
எழுதி வாசித்தபோது
ஊரே நல்லதாகத் தெரிந்தது.
நல்லும் நல்லும் சமமா என்று கேட்டேன்.
ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

டோ மியா தெய்ன் திரையில் இருப்பார்,
தேடினால் இருக்கமாட்டார்.
மூன்று நாள்.
அதே சுழி, அதே வட்டம், அதே பெயர்.
கடைசியில் நீளத்தை அளக்கச் சொன்னேன்:
ஒன்று பதினொன்று, ஒன்று பன்னிரண்டு.
பழைய எழுத்துருவில் பதிந்தவரை
யூனிகோடில் கூப்பிட்டிருக்கிறேன்.
கண்ணுக்கு ஒரே ஆள்; அடியில் வேறு வரிசை.

பிறகு அந்த வியாழக்கிழமை.
லாபிலிருந்து நோ எஹ் வா போன் செய்தாள்:
சோ து லே ஓ பாசிட்டிவ் இல்லை,
நெகட்டிவ், மாற்றிவிடு.
ஒரே ஒரு ஆள். ஒரே ஒரு வரி.
பிள்ளையார் சுழி போல முதலில் பிகின் போட்டேன்.
அப்டேட். செட். ரத்தவகை, ஓ நெகட்டிவ்.
வேர் போடவில்லை.

குறிப்பேட்டில் அதை அப்படித்தான் எழுதியிருந்தேன், வேர்.
எங்கே என்று அர்த்தம்.
அது இல்லாத ஆணை
எல்லார் தலையிலும் விழும்.

இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு வரிகள் மாறின
என்றது, மரியாதையாக.
கண் அந்த எண்ணுக்கு வந்து சேருமுன்
கை கமிட் அடித்துக்கொண்டிருந்தது.
கரண்ட் போய்விட்டது.

என்டரைத் தொட்டேனா?
விரல் தொட்டேன் என்கிறது.
கண், இருட்டு முந்திக்கொண்டது என்கிறது.
யூபிஎஸ் செத்துப் பல மாதம்.
காகிதப் பதிவேட்டைக் கரையான் எப்போதோ வாசித்து முடித்தாயிற்று.

மெழுகுவர்த்திகூட ஏற்றவில்லை. ஏழு மணி.
மனத்துக்குள் ஒவ்வொருவராக வந்தார்கள்:
அரிசி மண்டி யாக்கூப், மீன்விழுது விற்கும் டோ சீ,
ரக்கைன் படகுக்காரர் இருவர்,
தங்கப் பட்டறைச் சீனர், அவர் மருமகள்,
காளி கோயில் மேளக்காரர் கன்னியப்பன்,
பி பாசிட்டிவாகிய நான்.
எல்லாருக்கும் ஒரே ரத்தம்.
மேடை மேடையாகப் பேசியும் நடக்காதது
ஒரு வரியில் நடந்திருக்கிறது.
நிலைத்துவிட்டால்
வெள்ளிக்கிழமை ஆபரேஷனில் யாராவது சாவார்கள்.

பதினொரு மணிக்கு முதலில் விசிறி அசைந்தது.
பிறகு பெட்டி முனகியது:
சரியாக மூடப்படவில்லை, மீட்டுக்கொண்டிருக்கிறேன்.
தன் நாட்குறிப்பைத் தானே புரட்டி
முடியாததையெல்லாம் நடக்காததாக்கியது.
வகை வகையாக எண்ணச் சொன்னேன்.
ஏ இருந்தது. பி இருந்தது. ஏபி, ஓ, எல்லாம்.
ஓ நெகட்டிவ் பதினொன்று.
மின்சார வாரியத்தைத் திட்டாமல் விட்ட ஒரே இரவு.

சோ து லே இன்னும் தவறாகவே இருந்தார்.

இம்முறை வேரை முதலில் எழுதினேன்,
மீதியை அதன் முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.
ஒரு வரி மாறியது என்றது.
ஒன்றுதானா?
ஒன்றுதான்.
கமிட்.

கீழே பல்டாக்டரின் ஜெனரேட்டர்
கரண்ட் வந்தது தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது.
நிறுத்தச் சொல்லப் படியிறங்கினேன்.